கையில் சிவப்புக் கொடி... நடுவரை எதிர்க்க எது சரியான நேரம்?

"ரெஃப்ரி தப்பு பண்ணிட்டார்!"

எந்த நாட்டு மைதானமாக இருந்தாலும் ரசிகர்கள் அடிக்கடி கத்துவது இதைத்தான். கத்துவதற்குச் செலவில்லை. டிக்கெட் காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆனால் அதே மைதானத்தின் ஓரக்கோட்டில் நிற்கும் ஒருவருக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு விலை உண்டு. அவர்தான் அணியின் தலைமை கோச்.

அமெரிக்கக் கால்பந்தில், அதாவது என்.எஃப்.எல். போட்டிகளில், ஒவ்வொரு கோச்சிடமும் ஒரு சிவப்புக் கொடி இருக்கும். கைக்குட்டை அளவுத் துணி. சிலர் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருப்பார்கள், சிலர் காலுறைக்குள் செருகியிருப்பார்கள். நடுவர் தவறாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார் என்று தோன்றினால், அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் அதை எடுத்து மைதானத்தில் வீச வேண்டும். உடனே ஆட்டம் நிற்கும். ரீப்ளே பார்க்கப்படும். தீர்ப்பு மாறலாம், மாறாமலும் போகலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எப்போது வீசுவது, எப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது என்பதில் பெரிய பெரிய கோச்களே தடுமாறியிருக்கிறார்கள்.

டி.ஆர்.எஸ். மாதிரிதான், ஆனால் இன்னும் கறார்!

முதலில் ஒரு விளக்கம். இது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, தூக்கி எறிவது, எதிராளியை மடக்கிக் கீழே தள்ளுவது என்று போகும் ஆட்டம். 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்புகள் கிடைக்கும். அதற்குள் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச் டவுன், 6 புள்ளிகள்.

கிரிக்கெட்டில் கேப்டன் இரண்டு கைகளாலும் 'டி' போட்டு டி.ஆர்.எஸ். கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோற்றால் ஒரு ரிவ்யூ போகும், அவ்வளவுதான். என்.எஃப்.எல்-லில் தோற்றால் சவால் வாய்ப்போடு சேர்த்து ஒரு டைம்-அவுட்டும் போய்விடும். ஒரு பாதிக்கு ஓர் அணிக்குக் கிடைப்பதே மூன்று டைம்-அவுட்கள்தான். கைவசம் டைம்-அவுட் இல்லை என்றால் கொடி வீசும் உரிமையே கிடையாது.

ஒரு மேட்ச்சுக்கு இரண்டு சவால்கள். இரண்டிலும் ஜெயித்தால்தான் மூன்றாவது கிடைக்கும் என்று இருந்த விதியை 2024-ல் தளர்த்தினார்கள். இப்போது ஒன்றில் ஜெயித்தாலே மூன்றாவது உண்டு. ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் கோச் கொடி வீச முடியாது. அப்போது ரீப்ளே பார்க்கலாமா என்பதை மேலே இருக்கும் அதிகாரிகளே முடிவு செய்வார்கள். டச் டவுன் போன்ற புள்ளி விழும் ஆட்டங்களை 2011 முதலும், பந்து எதிரணி கைக்கு மாறும் ஆட்டங்களை 2012 முதலும் அவர்களே தாமாகச் சரிபார்த்துவிடுகிறார்கள்.

ரீப்ளே முறை 1986-ல் வந்து, 1991 சீசனோடு கைவிடப்பட்டது. 1999-ல் அது திரும்பி வந்தபோதுதான் கோச் கையில் கொடியும் வந்தது. கூடவே தலைவலியும் வந்தது.

நாற்பது நொடி நீதிமன்றம்

ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்க அதிகபட்சம் 40 நொடிகள். தீர்ப்பு தங்களுக்குச் சாதகமாக வந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் சந்தேகமானது என்று தெரிந்தால், எதிரணி அந்த 40 நொடிகூடக் காத்திருக்காது. ஓடிப்போய் வரிசையில் நின்று சட்டென்று அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் பழைய தீர்ப்பை யாரும் தொட முடியாது.

கீழே நிற்கும் கோச்சுக்கு நடந்தது சரியாகத் தெரியாது. முன்னால் நான்கு மலை போன்ற வீரர்கள் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஓரக்கோட்டில் அணிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் டேப்லெட்டில் ஆட்டத்தின் படங்கள்தான் வரும், வீடியோ வராது. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து டி.வி. ரீப்ளே பார்க்கும் உதவியாளர்கள்தான் ஹெட்செட்டில் சொல்ல வேண்டும். "வீசுங்க!" அல்லது "வேண்டாம், விடுங்க!"

இதற்கு நடுவே பந்தைப் பிடித்த வீரர் எழுந்து ஓடி வந்து, "கோச், நான் பிடிச்சிட்டேன், சத்தியமா பிடிச்சிட்டேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பிடித்ததாகத்தான் அவர் நம்புகிறார். எந்த வீரர்தான் தான் தவறவிட்டதாகச் சொல்வார்?

ஆக, நேரமும் இல்லை, முழுத் தகவலும் இல்லை, சுற்றிலும் ஒரே சத்தம். இந்த நிலையில் கோச் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று கேள்விகள்.

1. ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

பலர் முதலில் கேட்பது, "நான் சொல்வது சரியா?" என்பதைத்தான். அதற்கு முன்பு கேட்க வேண்டியது, "சரியாக இருந்தால் எனக்கு என்ன லாபம்?" என்பது.

2015 ஜனவரி 11. கிரீன் பே நகரில் பேக்கர்ஸ் அணிக்கும் டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்கும் பிளே ஆஃப் ஆட்டம். தோற்றவர் வீட்டுக்கு. 26-21 என்று கிரீன் பே முன்னிலை. 5 நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. டல்லாஸுக்கு நான்காவது, அதாவது கடைசி வாய்ப்பு. டோனி ரோமோ தூக்கி எறிந்த பந்தை டெஸ் பிரையன்ட் எம்பிப் பிடித்து, எல்லைக்கோட்டுக்கு ஒரே கெஜம் தூரத்தில் விழுந்தார். நடுவர் "பிடித்தார்" என்றார். இன்னும் ஒரு கெஜம் போனால் டல்லாஸ் முன்னிலை.

கிரீன் பே கோச் மைக் மெக்கார்த்தி சிவப்புக் கொடியை வீசினார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தோற்றால் ஒரு டைம்-அவுட் நஷ்டம். ஜெயித்தால் எதிரணியின் கடைசி வாய்ப்பே வீணாகி, பந்து கைக்கு வந்துவிடும். அந்த நிமிடத்தில் ஜெயிப்பதற்கான வாய்ப்பு பத்தில் மூன்று என்றிருந்தால்கூட வீசத்தான் வேண்டும். ரீப்ளேயில், விழும்போது பந்து தரையில் பட்டு அசைந்தது தெரிந்தது. கீழே விழுகிறவர் தரையில் பட்ட பிறகும் பந்தைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தீர்ப்பு மாறியது. கிரீன் பே ஜெயித்தது.

இதே கணக்கை ஒரு சூப்பர் பவுலில் போட்டவர் ஷான் பேட்டன். 2010 பிப்ரவரி 7, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கும் இறுதிப்போட்டி. டச் டவுனுக்குப் பிறகு கூடுதலாக 2 புள்ளி எடுக்க செயின்ட்ஸ் முயன்றது. லான்ஸ் மூர் பந்தைப் பிடித்தது செல்லாது என்றார் நடுவர். பேட்டன் கொடி வீசினார். தீர்ப்பு மாறியது. 22-17 என்று இருந்தது 24-17 ஆனது.

வெறும் 2 புள்ளிதானே என்று தோன்றலாம். 5 புள்ளி வித்தியாசம் என்றால் எதிரணி ஒரு டச் டவுன் போட்டாலே முந்திவிடும். 7 புள்ளி என்றால் டச் டவுனும் அதற்குப் பிந்தைய உதையும் சேர்ந்தாலும் சமன்தான் செய்ய முடியும். அந்த வித்தியாசத்துக்கு ஒரு டைம்-அவுட்டைப் பணயம் வைக்கலாம். செயின்ட்ஸ் 31-17 என்று கோப்பையை வென்றது.

மாறாக, முதல் கால்பகுதியில், மைதானத்தின் நடுவில், மூன்று கெஜத் தகராறு என்றால்? நீங்கள் நூற்றுக்கு நூறு சரியாகவே இருக்கலாம். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் உங்கள் இரண்டு சவால்களில் ஒன்றை மூன்று கெஜத்துக்காகச் செலவழித்துவிட்டீர்கள். ரோமோவின் பந்து பறந்து வரும்போது கையில் கொடி இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

2. கேமரா என்ன சொல்லும்?

இரண்டாவது கேள்வி இதுதான். "நடந்தது என்ன?" என்பது வேறு, "நிரூபிக்க முடிவது என்ன?" என்பது வேறு.

மைதானத்தில் சொன்ன தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் ரீப்ளேயில் தவறு சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். வீரர்கள் குவியலாக ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கும்போது அடியில் பந்து எங்கே இருந்தது என்று எந்த கேமராவும் சொல்லாது. சொல்லாவிட்டால் பழைய தீர்ப்பே நிற்கும். 2017 முதல் இறுதி முடிவைச் சொல்வது நியூயார்க்கில் இருக்கும் லீக் தலைமையகம். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் ஆதங்கம் தெரியாது, திரையில் தெரிவது மட்டுமே தெரியும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கேமரா நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகாது.

2017 நவம்பர் 12. சிகாகோ பியர்ஸ் அணியின் பென்னி கன்னிங்ஹாம் பந்தோடு பாய்ந்தார். எல்லைக்கு 2 கெஜம் முன்பாகவே வெளியே போய்விட்டார் என்றார் நடுவர். இல்லை, அது டச் டவுன் என்று கொடி வீசினார் கோச் ஜான் ஃபாக்ஸ். ரீப்ளே பார்த்தார்கள். அவர் வெளியே போகவில்லை, அது உண்மைதான். ஆனால் எல்லை மூலையில் இருக்கும் கம்பத்தைத் தொடுவதற்கு முன்பே பந்து அவர் கையிலிருந்து நழுவியிருந்தது! விதிப்படி பந்து எதிரணியான கிரீன் பேவுக்குப் போனது. சும்மா இருந்திருந்தால் 2 கெஜம் தூரத்தில் பந்து கையில் இருந்திருக்கும். கேட்கப்போய் கையில் இருந்ததும் போனது. சிகாகோ அந்த மேட்ச்சில் 23-16 என்று தோற்றது.

கேட்பதற்கு முன், தன் பக்கத்துக் காட்சியையும் ஒருமுறை நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

3. தோற்றால் தாங்குமா?

மூன்றாவது, இழக்கப்போவது எவ்வளவு பெரியது என்ற கேள்வி. டைம்-அவுட்டின் விலை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் பாதியில் மிச்சம் வைத்த டைம்-அவுட் இடைவேளையோடு காலாவதி ஆகிவிடும், அடுத்த பாதிக்கு வராது. ஆனால் இரண்டாம் பாதியின் கடைசி நிமிடங்களில், பின்தங்கியிருக்கும் அணிக்கு அது தங்கம். கடிகாரத்தை நிறுத்த அதுதான் வழி.

2012 பிப்ரவரி 5, சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 17-15 என முன்னிலை. நான்கு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. நியூயார்க் ஜயன்ட்ஸின் மரியோ மானிங்ஹாம் ஓரக்கோட்டை ஒட்டி, இரண்டு கால்களையும் உள்ளே ஊன்றி, 38 கெஜப் பந்து ஒன்றைப் பிடித்தார். பேட்ரியட்ஸ் கோச் பில் பெலிசிக் கொடி வீசினார். ரீப்ளேயில் இரண்டு கால்களும் உள்ளேதான் இருந்தன. சவால் தோற்றது, டைம்-அவுட் போனது. ஜயன்ட்ஸ் தொடர்ந்து முன்னேறி, 57 நொடிகள் இருக்கும்போது டச் டவுன் போட்டு 21-17 என்று ஜெயித்தது. அந்தக் கடைசி நொடிகளில், இழந்த டைம்-அவுட் இருந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும்!

அப்படியானால் பெலிசிக் செய்தது தவறா? இல்லை. ஜெயித்திருந்தால் எதிரணி மைதானத்தின் நடுவிலிருந்து தன்னுடைய 12-வது கெஜத்துக்குத் திரும்பப் போயிருக்கும். சூப்பர் பவுலின் கடைசி நிமிடங்களில் அதற்கு ஈடான லாபம் வேறில்லை. முடிவு தோற்றது, ஆனால் முடிவெடுத்த விதம் சரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் மறுநாள் காலை கோச்சைத் திட்டுவார்கள்.

தவறான பணயத்துக்கு உதாரணம் வேண்டுமானால் கிரிக்கெட்டுக்கே வரலாம். 2019 ஆகஸ்ட் 25, ஹெடிங்லி டெஸ்ட். இங்கிலாந்தின் கடைசி ஜோடி ஆடுகிறது. ஜாக் லீச்சின் காலில் பட்ட, லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன பந்துக்கு ஆஸ்திரேலியா தன் கடைசி ரிவ்யூவைச் செலவழித்தது. அடுத்த ஓவரிலேயே நேதன் லயன் வீசிய பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. அம்பயர் அவுட் தரவில்லை. அது ஸ்டம்பில் படும் என்று பிறகு டி.வி.யில் காட்டினார்கள். கேட்க ரிவ்யூ இல்லை. இங்கிலாந்து ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு

மூன்று கேள்விகளையும் மறக்கடிக்கும் ஒன்று உண்டு. கோபம்!

2012 நவம்பர் 22. ஹூஸ்டனின் ஜஸ்டின் ஃபோர்செட் மடக்கப்பட்டுக் கீழே விழுந்தார். முழங்கால் தரையில் பட்டது. அதோடு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். விசில் வரவில்லை. அவர் எழுந்து ஓடி 81 கெஜ டச் டவுன் போட்டார். டெட்ராய்ட் லயன்ஸ் கோச் ஜிம் ஷ்வார்ட்ஸ் கொதித்துப்போய் கொடியை வீசினார்.

அங்கேதான் சிக்கல். டச் டவுன் என்றால் ரீப்ளே தானாகவே பார்க்கப்படும், கோச் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வீசக் கூடாத இடத்தில் கொடி வீசினால் 15 கெஜ அபராதம், கூடவே ரீப்ளேயும் ரத்து என்பது அன்றைய விதி. உலகமே டி.வி.யில் பார்த்த தவறு, திருத்தப்படாமல் நின்றது. டெட்ராய்ட் கூடுதல் நேரத்தில் 34-31 என்று தோற்றது. விதி தனக்குத் தெரியும் என்றும், உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாகவும் ஷ்வார்ட்ஸே ஒப்புக்கொண்டார். 2013-ல் அந்த விதியை மாற்றினார்கள். ஆனால் போன மேட்ச் போனதுதான்.

சிலர் வேறொரு வாதம் வைப்பார்கள். "ஜெயிப்பது முக்கியமல்ல. கோச் நமக்காக நிற்கிறார் என்று வீரர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவாவது கொடி வீச வேண்டும்." நல்ல மனசுதான். ஆனால் வீரருக்காக நிற்க வேறு வழிகள் இருக்கின்றன. நடுவரிடம் போய்ப் பேசலாம், தோளில் கை போடலாம், அடுத்த பந்தையும் அவருக்கே எறியச் சொல்லலாம். இதற்கெல்லாம் டைம்-அவுட் போகாது. கொடி ஆறுதல் சொல்ல வந்ததல்ல.

கேட்க வாய்ப்பிருந்தும் பலனில்லை என்றால்?

எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டாலும் கோச் கையில் இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரி 20. சூப்பர் பவுலுக்குப் போகும் அணி எது என்று முடிவாகும் ஆட்டம். 20-20 என்று சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. பந்து வந்து சேருவதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் வீரரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வீரர் இடித்துத் தள்ளினார். அப்பட்டமான ஃபவுல். நடுவர்கள் அபராதம் தரவில்லை. நியூ ஆர்லியன்ஸ் கோச், அதே ஷான் பேட்டன், கத்தித் தீர்த்தார். ஆனால் தராத ஃபவுலைக் கேள்வி கேட்க விதியில் இடமில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26-23 என்று ஜெயித்தது.

நாடே கொந்தளித்தது. அடுத்த சீசனுக்கு மட்டும் சோதனையாக, அந்த வகை ஃபவுலையும் சவால் விடலாம் என்று விதியை மாற்றினார்கள். கோச்கள் ஆர்வமாகக் கொடி வீசினார்கள். ஆனால் தீர்ப்பை மாற்ற அதிகாரிகள் எளிதில் முன்வரவில்லை. எது மாறும், எது மாறாது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒரே வருடத்தில் அந்த விதி கைவிடப்பட்டது.

கேட்கும் உரிமை கொடுத்தால் மட்டும் போதாது, தவறு என்றால் ஒப்புக்கொள்ளும் மனசும் எதிரே இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் புத்திசாலி கோச் கொடியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்கிறார். அவர் பயந்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

கொடி இரண்டுதான்!

டெஸ் பிரையன்ட் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பந்தைப் பிடிப்பது குறித்த அந்த விதி குழப்பமானது என்று பல வருடங்கள் வாதம் நடந்து, 2018-ல் திருத்தப்பட்டது. அவர் பிடித்தார் என்றுதான் டல்லாஸ் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, கொடி வீசி டல்லாஸை வீட்டுக்கு அனுப்பிய அதே மைக் மெக்கார்த்தி, 2020-ல் டல்லாஸுக்கே தலைமை கோச்சாகப் போனார்!

அவர் அன்று வீசிய கொடி, "பிரையன்ட் உண்மையில் பிடித்தாரா?" என்று உலகத்திடம் கேட்கவில்லை. அன்றைய விதியில், அன்றைய கேமராவில் இந்தத் தீர்ப்பு நிற்குமா என்று மட்டும் கேட்டது. யார் நியாயம் என்ற விவாதத்துக்குப் பல வருடங்கள் தேவைப்பட்டன. கோச்சுக்கு இருந்தது 40 நொடி.

வீட்டிலும் அலுவலகத்திலும் நமக்கும் இதே நிலைமைதான். விடைத்தாள் மறுகூட்டலுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா, மேலதிகாரி எடுத்த முடிவை மீட்டிங்கில் எதிர்ப்பதா வேண்டாமா, மாமியார் சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்றே பதில் சொல்வதா வேண்டாமா... எதிர்த்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்தும் ஏதோ ஒன்று செலவாகிறது. பணம், பொறுமை, அல்லது அடுத்த முறை நாம் பேசும்போது எதிரே இருப்பவர் காது கொடுக்கும் அளவு.

எல்லாவற்றையும் எதிர்ப்பவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. எதையுமே எதிர்க்காதவர், இரண்டு கொடிகளையும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போகிற கோச் மாதிரி. மேட்ச் முடிந்த பிறகு அந்தக் கொடிகளுக்கு மதிப்பே இல்லை.